முதல் தடவையா அலர்ஜி கிளினிக் போறோம், என்னென்ன ரெடி பண்ணிக்கணும்?

வேளச்சேரிக்காரி
ஞாயிறு, இரவு 10:50

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு எட்டு வயசு. ரெண்டு வருஷமா காலைல கண்ணு முழிச்சதுமே அடுக்குத் தும்மல், பத்து பதினஞ்சு வரிசையா வரும், மூக்கு ஒழுகி கண்ணு செவந்து ஸ்கூல் வேன் வர்றதுக்குள்ள ஒரு கர்ச்சீஃப் நனஞ்சுடும். மழைக்காலத்துல ராத்திரில இழுப்பு வேற. குழந்தைங்க டாக்டர் ஒரு சிரப் குடுத்தாங்க, குடுக்கற வரைக்கும் நல்லா இருக்கான், நிறுத்துனா நாலே நாள்ல பழைய கதை.

இதுக்கு நடுவுல போன மாசம் ஆரம்பத்துல ஒரு ரிசப்ஷன்ல எறா மசாலா சாப்ட்டு பத்து நிமிஷத்துல உதடு வீங்கி கழுத்து காது எல்லாம் தடிச்சுப் போச்சு, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினோம், ஊசி போட்டு சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்து அனுப்பினாங்க. அதுலருந்து எறா நண்டு மீன் எதுவும் வீட்டுக்குள்ள வர்றதில்ல. அடுத்த வாரம் வியாழக்கிழமை அலர்ஜி டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் கெடச்சிருக்கு. ஃபோன்ல கேட்டா "பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துட்டு வாங்க"ன்னு சொல்லி வெச்சிட்டாங்க. போய்ட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்களேன். ஊசி நெறைய குத்துவாங்களா? அவனுக்கு ஊசின்னா ரொம்ப பயம்.

பொள்ளாச்சிப் பையன்
ஞாயிறு, இரவு 11:21

அக்கா முதல்ல மாத்திரை விஷயம் கேட்டுக்கங்க, மத்ததெல்லாம் அப்பறம். நான் ரெண்டு வருஷம் முன்ன கோயமுத்தூருக்கு இதே டெஸ்ட்டுக்கு போனேன், காலைல அஞ்சரை பஸ், லீவு வேற போட்டு. அலர்ஜிக்கு போடற செட்ரிசின் மாத்திரைய நிறுத்தணும்னு யாரோ சொன்னாங்க, நானும் கரெக்டா ஏழு நாள் நிறுத்தி மூக்க சிந்திட்டே கெடந்தேன். போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி மண்டை கனமா இருக்குதுன்னு பெட்டிக்கடைல ஒரு சளி மாத்திரை வாங்கி போட்டேனுங்க. அவ்ளோதான்.

அங்க கைல சொட்டு சொட்டா மருந்து வெச்சு குத்தினாங்க. ஒரு புள்ளில ஹிஸ்டமின் வெப்பாங்களாம், அலர்ஜி வந்தா ஒடம்புல சுரக்கற பொருள்தான், அது யாருக்கா இருந்தாலும் கொசு கடிச்ச மாதிரி எந்திரிச்சே ஆகணும், எந்திரிச்சாதான் மத்த புள்ளிய நம்பலாம். எனக்கு அந்தப் புள்ளியே எந்திரிக்கல! சப்பையா கெடக்குது. சிஸ்டர் என்னைய ஒரு பார்வை பாத்துட்டு "என்ன மாத்திரை போட்டீங்க"ன்னாங்க பாருங்க. பத்து நாள் கழிச்சு திரும்ப வரச் சொல்லிட்டாங்க.

மருந்துக்கடை அண்ணாச்சி
திங்கள், காலை 6:40

தம்பி சொல்றது நூத்துக்கு நூறு. கடைக்கு வார பாதிப்பேரு இதத்தான் கோட்டை விடுதாங்க. சளி மாத்திரை, இருமல் சிரப்பு, காய்ச்சல் சளிக்கு சேத்துக் குடுக்கற மாத்திரை, இதுல முக்காவாசில குளோர்ஃபெனிரமின் இருக்கும், சிபிஎம்னு சொல்லுவாங்க, அதுவும் அலர்ஜி மருந்துதான். அப்பறம் அந்தப் புள்ளைக்கு குடுக்கற சிரப்ப எடுத்து லேபிள பாரும்மா. மாண்டெலுகாஸ்ட்னு டாக்டர் வாயால சொல்லியிருப்பாரு, ஆனா நம்மூர்ல அது பெரும்பாலும் லெவோசெட்ரிசினோட சேந்துதான் வருது, பேருக்குப் பின்னால எல்சி-னு இருந்தா அதான் அர்த்தம். மாண்டெலுகாஸ்ட் மட்டும்னா டெஸ்ட்டுக்கு பெரிய தொந்தரவு இல்ல, கூட இருக்கற லெவோசெட்ரிசின்தான் வில்லன். அவில், ஃபெக்ஸோஃபெனடின், லோராடடின் எல்லாம் இதே கூட்டம். அரிப்புக்கு குடுக்கற அட்டராக்ஸ் ஒடம்புல இன்னும் கூட நாள் தங்கும்.

பெரியவங்க யாரும் டெஸ்ட்டுக்கு போறதா இருந்தா இன்னொண்ணு, நெஞ்செரிச்சலுக்கு போடுத ஃபெமோடிடினும் தலைவலிக்கும் தூக்கத்துக்கும் எழுதுத அமிட்ரிப்டிலினும் கூட குறுக்க வரும். ஆனா அதையெல்லாம் நீங்களா நிறுத்தக் கூடாது, எழுதினவர கேட்டுட்டுதான். பிரஷர் மாத்திரைல பீட்டா பிளாக்கர் வகை இருந்தா டெஸ்ட்டுக்கு முன்னாடியே சொல்லிரணும், ஏன்னா அவசரத்துக்கு போடுத அட்ரினலின் அவங்களுக்கு சரியா வேலை செய்யாம போகலாம்.

பெரம்பூர் மாமா
திங்கள், காலை 9:15

இதுக்கு எதுக்கும்மா கிளினிக், குத்தல் எல்லாம். இப்ப வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டு போறான், இருநூத்து சொச்சம் ஐட்டம் ஒரே டெஸ்ட்ல பாத்து கலர் கலரா ரிப்போர்ட் குடுக்கறான். என் பொண்ணுக்கு எடுத்தோம், அரிசி கோதுமை பால் கத்திரிக்கா முட்டை கடலைப்பருப்பு எல்லாத்துக்கும் அலர்ஜின்னு வந்துது. எல்லாத்தையும் நிறுத்தினோம்.

பொள்ளாச்சிப் பையன்
திங்கள், காலை 9:32

மாமா, அரிசி கோதுமை பால் நிறுத்திட்டு பாப்பா என்னத்த சாப்டுச்சு?

பெரம்பூர் மாமா
திங்கள், காலை 9:58

சிறுதானியம்தான். மூணு மாசம். அஞ்சு கிலோ எளச்சுட்டா. தும்மல் நிக்கலங்கறது உண்மைதான், ஒத்துக்கறேன்.

ஊசி அக்கா
திங்கள், பகல் 2:05

மாமா கோச்சுக்காதீங்க. உங்க ரிப்போர்ட்ட எடுத்து ஐஜிஈ-ன்னு (IgE) போட்டிருக்கா ஐஜிஜி-ன்னு (IgG) போட்டிருக்கான்னு பாருங்க. ரெண்டும் ரத்தத்துல இருக்கற எதிர்ப்புப் புரதம், இந்த மாதிரி அலர்ஜிக்கு பாக்க வேண்டியது ஐஜிஈ-தான். ஐஜிஜி-ன்னா, நாம அடிக்கடி சாப்பிடற எதுக்கும் அது ஒடம்புல இருக்கத்தான் செய்யும், தெனம் சோறு தின்றவனுக்கு அரிசிக்கு ஐஜிஜி இல்லாம இருந்தாதான் ஆச்சரியம். அலர்ஜி பாக்க அந்த டெஸ்ட் வேணாம்னுதான் அலர்ஜி டாக்டர்கள் சங்கங்களே சொல்லுது. பாப்பாவ முதல்ல ஒழுங்கா சாப்பிட விடுங்க.

வேளச்சேரி சிஸ்டருக்கு வர்றேன். நான் வேற ஊர்ல ஒரு அலர்ஜி கிளினிக்ல ஒம்போது வருஷமா டெஸ்ட் போடற ஆளு, டாக்டர் இல்ல, அதனால மருந்து விஷயத்துல உங்க கிளினிக் சொல்றதுதான் கணக்கு. இன்னைக்கே திரும்ப ஃபோன் போட்டு "ஸ்கின் பிரிக் டெஸ்ட் (தோல்ல குத்திப் பாக்கற டெஸ்ட்) அன்னைக்கே போடுவீங்களா, எந்தெந்த மருந்த எத்தன நாள் நிறுத்தணும்"னு நேரா கேளுங்க. பொதுவா அஞ்சுலருந்து ஏழு நாள் சொல்லுவாங்க, உங்களுக்கு பத்து நாள் இருக்கு, போதும். ரியாக்ஷன் வந்த தேதியையும் சொல்லிடுங்க, பெரிய ரியாக்ஷன் வந்தா நாலு ஆறு வாரம் கழிச்சுதான் டெஸ்ட் போடுவோம், அதுக்கு முன்ன போட்டா இருக்கற அலர்ஜியும் இல்லாத மாதிரி காட்டிடலாம். இன்ஹேலர் இருந்தா அத மட்டும் தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. சில அம்மாக்கள் "எல்லா மருந்தும் நிறுத்தச் சொன்னாங்க"ன்னு அதையும் நிறுத்திட்டு புள்ளைக்கு மூச்சு வாங்க வாங்க வருவாங்க, இழுப்பு இருக்கற அன்னைக்கு நாங்க டெஸ்டே போட மாட்டோம். ஊதிப் பாக்கற டெஸ்ட் இருந்தா அதுக்கு முன்னாடி எத்தன மணி நேரம் இன்ஹேலர் எடுக்கக் கூடாதுன்னு அவங்களே தனியா சொல்லுவாங்க. மாத்திரைய நிறுத்தின நாள்ல ரொம்ப முடியாம போனா டெஸ்ட்டுக்காக புள்ளைய வாட்டாதீங்க, மருந்த குடுத்துட்டு ஃபோன் பண்ணி சொல்லுங்க. மருந்த நிறுத்தாமயே பாக்கற ஐஜிஈ ரத்த டெஸ்ட்டும் இருக்கு.

ஊசின்னு பயப்படவே வேணாம். முன்கைல பேனாவால நம்பர் போட்டு பக்கத்துல ஒவ்வொரு சொட்டு வெச்சு, பல் குத்தற குச்சி முனை அளவு ஒண்ண வெச்சு சொட்டு மேல லேசா அழுத்தி எடுப்போம், ரத்தம் வராது. குத்தறதவிட அடுத்த பதினஞ்சு நிமிஷம் சொறியாம ஒக்காந்திருக்கறதுதான் கஷ்டம், அதனால ஒரு கதை புக்கோ ஃபோன்ல கார்ட்டூனோ வெச்சுக்கங்க. அரைக்கை சட்டை போடுங்க. காலைலருந்து கைல கிரீம் லோஷன் எதுவும் வேணாம், அந்த எடத்துல எக்ஸிமாவுக்கு ஸ்டீராய்டு ஆயின்மென்ட் போடறதா இருந்தா அதையும் சொல்லிடுங்க. பட்டினியா கூட்டிட்டு போகாதீங்க, டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு தேவையே இல்ல, பாதிப்பேரு புள்ளைய பசிக்க பசிக்க கூட்டிட்டு வந்து அது அழுதா ஊசிக்குத்தான் அழுதுன்னு சொல்றாங்க.

இப்ப முக்கியமான விஷயம். டாக்டர் அரை மணிநேரம் பேசப் போறது உங்ககிட்டதான், அதுக்குத்தான் ரெடியாகணும். இன்னைலருந்து ஒரு நோட்டு போடுங்க. தும்மல் எத்தன மணிக்கு, முந்தின ராத்திரி எங்க படுத்தான், எது மேல படுத்தான், ஃபேனா ஏசியா, ஒட்டடை அடிச்சீங்களா, அன்னைக்கு என்ன சாப்ட்டான். சாப்பாட்ட எழுதும்போது "எறா"ன்னு ஒத்த வார்த்தைல எழுதாதீங்க, அந்த ரிசப்ஷன் தட்டுல இருந்தது மொத்தமும் எழுதுங்க, கிரேவி என்ன, ஸ்வீட் என்ன, ஐஸ்கிரீம் எந்த ஃப்ளேவர், முடிஞ்சா கல்யாண வீட்டுல சமையக்காரர் நம்பர் வாங்கி கேளுங்க. உதடு வீங்கின ஃபோட்டோ இருந்தா அத டெலிட் பண்ணாம வைங்க. ஆஸ்பத்திரில என்ன ஊசி போட்டாங்கங்கற சீட்டும் வேணும். சித்த மருந்து, கஷாயம், லேகியம் எது குடுத்தாலும் மறைக்காம சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டாங்க.

ராம்நாடு ராஜா
திங்கள், இரவு 8:12

பெரம்பூர் மாமா ரிப்போர்ட்ல பிர்ச் மரம் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, என் தங்கச்சி ரிப்போர்ட்ல இருந்துச்சு. ராமநாதபுரத்துல எங்கய்யா பிர்ச் மரம்? இங்க இருக்கறது பூரா சீமைக்கருவேலம்தான், அதோட மகரந்தம்தான் எங்க ஆளுகளுக்கு மூக்குல ஏறுது. அத எடுக்கச் சொல்லி 2017ல ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவே போட்டுச்சு, அது பாட்டுக்கு மறுபடி மொளச்சு நிக்குது. கிளினிக்ல அதையும் பார்த்தீனியத்தையும் கரப்பானையும் வெச்சு பாத்தாங்க, அதான் சரியா வந்துச்சு.

பெரம்பூர் மாமா
திங்கள், இரவு 8:40

ஐஜிஜி-ன்னுதான் போட்டிருக்கு. பிர்ச்சும் இருக்கு. நாலாயிரத்து சொச்சம் போச்சு. நாளைலருந்து அவளுக்கு இட்லி.

கொத்தனார் மகன்
செவ்வாய், காலை 7:30

அப்பாவுக்கு சிமெண்ட் வேலைல கை ரெண்டும் வெடிச்சு அரிப்பு, வருஷக்கணக்கா. அவருக்கும் இதே குத்தல் டெஸ்ட்தானா?

ஊசி அக்கா
செவ்வாய், பகல் 1:10

இல்ல தம்பி, அது வேற. தொட்டு தொட்டு நாள்பட வர்ற அலர்ஜிக்கு பேட்ச் டெஸ்ட், தோல் டாக்டர்கிட்ட போகணும். முதுகுல பிளாஸ்திரி மாதிரி ஒட்டி ரெண்டு நாள் விட்டு எடுத்துப் பாப்பாங்க, அப்பறம் இன்னும் ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு திரும்ப பாப்பாங்க. அதுவரைக்கும் முதுகு நனையக் கூடாது, வேர்க்கக் கூடாது, அதனால வேலைக்கு லீவு சொல்லிட்டு வரச் சொல்லுங்க, சித்திரை வெயில்ல வேணாம். சிமெண்ட்ல இருக்கற குரோமியம் அதுல கண்டிப்பா இருக்கும்.

ரொறன்ரோ தமிழ்
செவ்வாய், இரவு 9:48

வேளச்சேரி அக்கா, நான் ரொறன்ரோவில இருக்கிறன், என்ர மகளுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. ஒண்டு மட்டும் சொல்லுறன், டொக்டரிட்ட போகேக்க "திரும்ப வந்தா வீட்டில என்ன செய்யிறது, பள்ளிக்கூடத்தில ஆர் என்ன செய்யோணும்" எண்டு கேட்டு எழுத்தில வாங்குங்கோ. இஞ்ச ஒன்டாரியோவில சப்ரினா எண்ட பிள்ளை 2003ல பள்ளிக்கூடச் சாப்பாட்டால அலர்ஜி வந்து செத்த பிறகுதான் ஒவ்வொரு பள்ளிக்கூடமும் இதுக்குத் திட்டம் வச்சிருக்கோணும் எண்டு அவவின்ர பேரில சட்டமே வந்தது. இப்ப ரீச்சர்மாருக்கு அட்ரினலின் ஊசி போடத் தெரியும். அங்க சட்டம் இருக்கோ இல்லையோ, கிளாஸ் ரீச்சரோட நீங்களே போய்க் கதைச்சு வையுங்கோ.

வேளச்சேரிக்காரி
ஞாயிறு, இரவு 11:05

ஒரு வாரமா நோட்டு போடறேன். ஊசி அக்காவுக்கு கோயிலே கட்டலாம் போல. அண்ணாச்சி சொன்ன மாதிரி சிரப் லேபிள்ல லெவோசெட்ரிசின் இருந்துது, கிளினிக்ல கேட்டு புதன்கிழமையே நிறுத்திட்டேன், நாலு நாளா வீடே தும்மல் சத்தம், மாமியார் தூதுவளை ரசம் வெச்சு தள்ளறாங்க.

நோட்டுல ஒரு விஷயம் கண்ணுல பட்டுது. வெள்ளி சனி ரெண்டு ராத்திரியும் தாம்பரத்துல நாத்தனார் வீட்ல தங்கினோம், அங்க பாய்லதான் படுத்தான், காலைல மூணு தும்மலோட நின்னுடுச்சு. எங்க வீட்ல அவன் படுக்கறது எங்க கல்யாணத்துக்கு குடுத்த இலவம்பஞ்சு மெத்தை, பதிமூணு வருஷம் ஆகுது, போன டிசம்பர் மழைல வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்போ ஓரம் நனஞ்சு காயவெச்சு எடுத்தது வேற. சாப்பாட்டுல ஒண்ணும் பெருசா இல்ல. வீட்டுல போன வருஷம் பூரா எறா சாப்ட்டிருக்கான், ஒண்ணும் ஆனதில்ல, அதான் எனக்கு கொழப்பமா இருக்கு. இன்னைக்கு காலைல வெண்பொங்கல், வழக்கம்போல முந்திரிய பொறுக்கி தட்டு ஓரத்துல அடுக்கி வெச்சான், தாத்தாகிட்ட திட்டு வாங்கினான். அவ்ளோதான் நோட்டுல.

ஊசி அக்கா
ஞாயிறு, இரவு 11:19

நில்லுங்க. முந்திரிய எதுக்கு பொறுக்கறான்னு அவன கேட்டிருக்கீங்களா?

அந்த ரிசப்ஷன் எறா மசாலா கிரேவில முந்திரி அரைச்சு விட்டிருப்பாங்களா?

வேளச்சேரிக்காரி
திங்கள், காலை 7:02

ராத்திரி பூரா தூங்கல. காலைல பல் தேய்க்கும்போது கேட்டேன். "அது தின்னா நாக்கெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா"ங்கறான். எப்பலருந்துடான்னா "எப்பவுமே"ங்கறான். நாங்க எல்லாரும் சேட்டைன்னு நெனச்சு மூணு வருஷமா திட்டிட்டு இருக்கோம். கல்யாண வீட்டு நம்பர் வாங்கி சமையக்காரருக்கு ஃபோன் போட்டேன், "முந்திரி இல்லாம அந்த கிரேவிக்கு கெட்டி எப்டிம்மா வரும்"னு அவரு என்னையே திருப்பி கேக்கறாரு.

ஊசி அக்கா
திங்கள், காலை 7:15

இத அப்டியே அவன் சொன்ன வார்த்தைலயே நோட்டுல எழுதுங்க, எறும்பு ஊர்ற மாதிரின்னே. டாக்டர பாக்கற வரைக்கும் முந்திரி அவன் பக்கமே வேணாம், வீட்ல கொஞ்சம் குடுத்து டெஸ்ட் பண்ணிப் பாக்கற வேலையும் கண்டிப்பா வேணாம். கிளினிக்ல கேட்டுட்டு ரெண்டு முந்திரியும் ரெண்டு பச்சை எறாவும் எடுத்துட்டு போங்க, சில எடத்துல அந்தப் பொருளையே குத்தி அதே ஊசியால கைல குத்திப் பாப்பாங்க.

வேளச்சேரிக்காரி
வியாழன், இரவு 9:30

போய்ட்டு வந்தாச்சு. எறாவ ஐஸ் போட்டு டிபன் பாக்ஸ்ல எடுத்துட்டு போனேன், ஷேர் ஆட்டோல பக்கத்துல இருந்தவங்க மூக்க பொத்திட்டு பாத்த பார்வைய விடுங்க.

டாக்டர் முதல்ல ரிப்போர்ட் ஃபைல தொடவே இல்ல, நோட்டதான் வாங்கி படிச்சாங்க. முந்திரி வரில பேனாவால கோடு போட்டாங்க. அப்பறம் அவன்கிட்டயே "எறும்பு எங்க ஊருது, காட்டு"ன்னு கேட்டாங்க, நாக்க நீட்டி தொண்டையையும் காட்டறான், தொண்டை விஷயம் எனக்கே தெரியாது.

டெஸ்ட், ஊசி அக்கா சொன்ன மாதிரியேதான். பதினோரு புள்ளி. அழல, ஒவ்வொரு குத்துக்கும் எண்ணினான். அஞ்சு நிமிஷத்துலயே ஒரு புள்ளி பொங்க ஆரம்பிச்சுது, சுத்தி செவப்பா படந்து, அம்மா சொறியணும் சொறியணும்னு கால உதைக்கறான், நான் அவன் கைய புடிச்சுட்டு ஃபோன்ல கார்ட்டூன் காட்டிட்டே இருந்தேன். பதினஞ்சு நிமிஷம் ஆனதும் தடிப்ப சுத்தி பேனாவால வரைஞ்சு, மேல செல்லோடேப் ஒட்டி எடுத்து அத அப்டியே பேப்பர்ல ஒட்டி ஸ்கேல் வெச்சு அளந்தாங்க. வெறும் உப்புத்தண்ணி புள்ளி ஒண்ணுமில்ல, ஹிஸ்டமின் 5 மில்லிமீட்டர். உப்புத்தண்ணி புள்ளியவிட 3 மில்லிமீட்டராவது பெருசா இருந்தாதான் கணக்காம். மெத்தை தூசில இருக்கற, கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி ரெண்டு வகைக்கு 8, 6. கரப்பான் 4. முந்திரி 9. எறா 3.

எறாவும் இருக்கேன்னு கேட்டேன். தூசிப்பூச்சி, கரப்பான், எறா மூணுக்கும் பொதுவா ஒரு புரதம் இருக்காம், அதனால தூசிப்பூச்சி அலர்ஜி இருக்கறவங்களுக்கு எறா புள்ளியும் லேசா எந்திரிக்கலாம், கைல தடிச்சா அலர்ஜின்னு முடிவு கட்ட முடியாது, சாப்ட்டா என்ன ஆகுதுங்கறதுதான் பேச்சுன்னு சொன்னாங்க. வீட்ல ஒண்ணும் ஆகாம சாப்ட்டிருக்கான்ல, அதனால அடுத்த மாசம் ஒரு நாள் அங்கயே ஒக்கார வெச்சு கொஞ்சம் கொஞ்சமா எறா குடுத்து பாக்கப் போறாங்க, அதுவரைக்கும் வேணாம். மீனு இன்னைலருந்தே குடுக்கலாம், மீனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லியாம், சும்மா நிறுத்தி வெச்சிருந்தோம். முந்திரியும் பிஸ்தாவும் மொத்தமா கட். ஒண்ணுக்கு இருந்தா பெரும்பாலும் இன்னொண்ணுக்கும் இருக்குமாம்.

ரொறன்ரோ தமிழ் சொன்னத கேட்டு எழுதியே வாங்கிட்டேன். அட்ரினலின் ஊசி எழுதி, எங்க ரெண்டு பேரையும் ஒக்கார வெச்சு ஆம்பூல் (மருந்து இருக்கற சின்ன கண்ணாடிக் குப்பி) ஒடச்சு சிரிஞ்சுல எடுத்து வெளித்தொடைல எப்டி போடறதுன்னு தண்ணிய வெச்சு பழக்கினாங்க. வீட்டுக்காரருக்கு கை நடுங்குது, மூணு ஆம்பூல் ஒடச்சப்பறம்தான் வந்துது. அளவு அவன் எடைக்கு எழுதினது, அதனால இங்க போடல. ஊசி போட்டாலும் உடனே ஆஸ்பத்திரி போகணுமாம்.

மெத்தை விஷயம்தான் வீட்ல சண்டை. தூக்கிப் போடணும், இல்லன்னா பூச்சி உள்ள போகாத உறை போட்டு பெட்ஷீட்ட வாரா வாரம் 60 டிகிரி சுடுதண்ணில துவைக்கணும்னாங்க. எங்கம்மா வீட்டு சீர்ங்கறதால மாமியாரே "ஒங்கம்மா மனசு கஷ்டப்படும்"ங்கறாங்க, எங்கம்மாவுக்கு ஃபோன் போட்டா "அத இன்னுமா வெச்சிருக்கீங்க"ங்கறாங்க.

பொள்ளாச்சிப் பையன்
வியாழன், இரவு 9:44

மெத்தைய கொடுத்துட்டு பாய் வாங்கிப் போடுங்க அக்கா, எனக்கும் அதான் தீர்வு. ஸ்கூல்ல சொல்லிட்டீங்களா?

வேளச்சேரிக்காரி
வியாழன், இரவு 9:51

நாளைக்கு போறேன். பர்த்டேன்னா கேக்கும் முந்திரி பிஸ்கட்டும்தான் குடுக்கறாங்க. அது கெடக்கட்டும், தாத்தா இன்னைக்கு சாயங்காலம் அவன பக்கத்துல ஒக்கார வெச்சு ஒண்ணும் பேசாம தலைய தடவிட்டே இருந்தாரு. மாமியார் கேக்கறாங்க, முந்திரி இல்லாம பொங்கல்ல தாளிக்கறப்ப என்னத்த போடறது?

மருந்துக்கடை அண்ணாச்சி
வியாழன், இரவு 10:03

தேங்காய பல்லு பல்லா கீறி நெய்ல செவக்க வறுத்துப் போடச் சொல்லும்மா. எங்க வீட்ல அப்டித்தான்.